வாலில்லாத விமானம்

பொங்கல் விடுமுறையில் நம் மொட்டை மாடியில் பிள்ளைகள் பட்டம் விட்டார்கள். வால் அறுந்த பட்டம் ஒன்று குட்டிக்கரணம் போட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் விழுந்தது. "ஐயா, வால் இல்லாம எதுவும் பறக்காதா?" என்று கேட்டான் என் பேரன். பறக்கும், கோவை பக்கம் சூலூரிலேயே இருக்கிறது, தேஜஸ் என்றேன்.

விமானங்களின் வால்பகுதியில் குறுக்காக ஒரு சிறு இறக்கை இருக்கும். மூக்கு தூக்கிக்கொள்ளாமலும் கவிழாமலும் காப்பது அதுதான். அதை எடுத்துவிட்டால் எடையும் காற்றின் இழுவையும் குறையும். சமநிலைக்கு என்ன செய்வது?

இங்கிலாந்தில் ஜே. டபிள்யூ. டன் ஒரு வழி கண்டார். இறக்கைகளைப் பின்னோக்கிச் சாய்த்து, நுனிகளைச் சற்றே முறுக்கினார். அந்த நுனிகளே வாலின் வேலையைச் செய்தன. 1910 டிசம்பரில் ஓர்வில் ரைட் பார்த்துக்கொண்டிருக்க, பறக்கும்போதே கைகளை விட்டுவிட்டுக் காகிதத்தில் குறிப்பு எழுதினார் டன்! அவ்வளவு நிலையான விமானம்.

ஆனால், அத்தனை நிலையான விமானம் சட்டென்று திரும்பாது. போர் விமானத்துக்கு அது சரிப்படாது. அதனால் முக்கோண இறக்கை கொண்ட நம் தேஜஸை வேண்டுமென்றே நிலையற்றதாக வடிவமைத்தார்கள். நிமிர்ந்த வால் உண்டு. குறுக்கு இறக்கை கிடையாது. இறக்கையின் பின்விளிம்பில் உள்ள மடிப்புகளை நான்கு தடக் கம்ப்யூட்டர் அமைப்பு ஓயாமல் அசைத்து விமானத்தை நேராக வைத்திருக்கிறது.

முதல் சோதனை விமானம் 1995 நவம்பர் 17 அன்று வெளியே வந்தது. அதன் கட்டுப்பாட்டு மென்பொருளை நம் பொறியாளர்கள் அமெரிக்காவில் சோதித்துக்கொண்டிருந்தபோது, 1998 மே மாதம் பொக்ரான் அணுகுண்டுச் சோதனை நடந்தது. அமெரிக்கா தடை விதித்தது. வேலை பாதியில் நிற்க, நம்மவர்கள் ஊர் திரும்பிப் பெங்களூரிலேயே அதை முடித்தார்கள். 2001 ஜனவரி 4 அன்று விங் கமாண்டர் ராஜீவ் கோத்தியால் அதில் ஏறி, 18 நிமிடம் பறந்து பத்திரமாக இறங்கினார். 2018-இல் தேஜஸின் முதல் படைப்பிரிவு பெங்களூரிலிருந்து சூலூருக்கு வந்தது.

வங்கியில் கம்ப்யூட்டர் வந்த புதிதில், அது போட்ட மொத்தத்தை நம்பாமல் நான் கையாலும் ஒருமுறை கூட்டிப் பார்ப்பேன். கோத்தியாலுக்கு அந்த வசதி இல்லை. சக பொறியாளர்கள் போட்ட கணக்கை நம்பித்தான் உயிரை ஒப்படைத்து ஏறினார்.

பேரன் முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப என் பட்டத்துக்கும் கம்ப்யூட்டர் வைக்கலாமா?" என்றான். இப்போதைக்கு ஒரு துணிக்கிழிசல் கட்டிக்கொடுத்திருக்கிறேன்.