ஒட்டுத் துணியின் வரலாறு: முரக்கஆ முதல் ஜிப்பா வரை

கழித்துப் போட்ட ஆடைகளையும் வெட்டி எஞ்சிய துண்டுகளையும் கொண்டு புத்தாடை உருவாக்கும் கலை, இன்று உலகெங்கும் ஆடை வடிவமைப்பாளர்களிடையே பெரிதும் பேசப்படுகிறது. துணியில் எதுவும் வீணாகலாகாது என்பது அவர்களது கொள்கை. இதனை முற்றிலும் புதுமை எனக் கருதுவோர், இஸ்லாமிய வரலாற்றில் ஒட்டுத் துணி பெற்றிருந்த இடத்தை அறிந்தால் வியப்புறுவர்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்டதையும், காலணியைத் தாமே செப்பனிட்டதையும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். இந்த எளிமையைப் பின்பற்ற விழைந்த ஆரம்பகால சூஃபிகள், கந்தல்களை இணைத்துத் தைத்த மேலங்கியை அணிந்தனர். ஒட்டுப்போடுதலைக் குறிக்கும் அரபு வேர்ச்சொல்லிலிருந்து அதற்கு 'முரக்கஆ' என்னும் பெயர் அமைந்தது. பிற்காலத்தில் எழுத்தணிகளையும் ஓவியங்களையும் ஒட்டித் தொகுத்த ஏடுகள் 'முரக்கஃ' எனப்பட்டதும் இவ்வேரின் வழியிலேயாகும்.

ஹிஜ்ரி 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்து லாகூரில் அடங்கியிருக்கும் அலீ பின் உஸ்மான் ஹுஜ்வீரி, 'கஷ்ஃபுல் மஹ்ஜூப்' என்னும் பாரசீக நூலில் இவ்வங்கிக்கெனத் தனி அத்தியாயமே ஒதுக்கியுள்ளார். ஊசி போன போக்கில் தைப்பதா, தையலை நேராகவும் ஒழுங்காகவும் இடுவதா என்பதில் சூஃபிகளிடையே இருவேறு கருத்துகள் நிலவியதை அவர் பதிவு செய்கிறார். தூஸ் நகரில் ஷைகு அபுல் காசிம் குர்கானீயிடம், ஒரு தர்வேஷுக்கு இன்றியமையாதவை எவை என அவர் வினவினார். ஷைகு கூறிய மூன்றனுள் ஒன்று, ஒட்டினைச் சரியாகத் தைக்க அறிந்திருத்தல். சரியான ஒட்டு என்பது வறுமையின் பொருட்டுத் தைக்கப்படுவது, அலங்காரத்திற்காகத் தைக்கப்படுவதன்று. தையல் கோணலாயினும் தேவைக்காக இடப்பட்ட ஒட்டே சரியானது என்பது இதன் கருத்து.

இவ்வளவுகோல் எத்துணைக் கூர்மையானது என்பதைச் சூடானின் வரலாறு நமக்குக் காட்டுகிறது. ஹிஜ்ரி 1298இல் (1881) அபா தீவில் தம்மை மஹ்தி என அறிவித்த முஹம்மது அஹ்மது, சம்மானிய்யா தரீக்காவில் பயின்றவர். 'அன்சார்' எனப்பட்ட தம் ஆதரவாளர்களுக்கு அவர் ஒட்டுப்போட்ட ஜிப்பாவையே உடையாக்கினார். 'தம்மூர்' என்னும் நாட்டுப் பருத்தித் துணியில், நேராக வெட்டிய பட்டைகளை இணைத்து, பக்கங்களில் ஆப்பு வடிவத் துண்டுகளைச் சேர்த்து அது தைக்கப்பட்டது. இத்தகைய வெட்டுமுறையில் வீணாகும் துணி மிகக் குறைவு. செல்வரும் வறியவரும், பல்வேறு குலத்தவரும் ஒரே கந்தலுடையில் நின்றமை அவ்வியக்கத்தின் வலிமைகளுள் ஒன்று எனலாம்.

1885 ஜனவரி 26இல் கார்ட்டூம் வீழ்ந்தது. அவ்வாண்டு ஜூன் மாதம் முஹம்மது அஹ்மதும் காலமானார். அடுத்து வந்த கலீஃபா அப்துல்லாஹியின் ஆட்சியில் ஜிப்பா படைச் சீருடையாயிற்று. கிழிசல் இல்லாத இடங்களிலும் சிவப்பு, நீலம், கறுப்பு நிறத் துண்டுகள் இருபுறமும் ஒத்த அளவில் பதிக்கப்பட்டன. படைத் தலைவர்களின் ஜிப்பாக்கள் கூடுதல் வேலைப்பாடு கொண்டிருந்தன. சமத்துவத்தை உணர்த்த வந்த ஒட்டு, பதவியை உணர்த்தும் சின்னமாக மாறியது. 1898 செப்டம்பர் 2இல் உம்துர்மானில் நிகழ்ந்த போரில், இவ்வுடையணிந்த வீரர்கள் பல்லாயிரவர் பிரிட்டிஷ் – எகிப்தியப் படையின் இயந்திரத் துப்பாக்கிகளுக்கும் பீரங்கிகளுக்கும் இரையாயினர். வெற்றிப் பொருள்களாக எடுத்துச் செல்லப்பட்ட ஜிப்பாக்களுள் சிலவற்றைப் பிரிட்டனின் அருங்காட்சியகங்களில் இன்றும் காணலாம்.

இவ்வரலாற்றை நாம் நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. கந்தலைக் காக்கும் முயற்சி இன்று மீண்டும் தழைப்பது வரவேற்கத்தக்கதே. எனினும் புதுத் துணியைக் கிழித்து, அதன்மேல் புதுத் துண்டை ஒட்டி, பழமைத் தோற்றம் தந்து விற்கும் வழக்கமும் உடன் வளர்ந்துள்ளது. முன்னதில் ஒரு துணி குப்பைக்குப் போகாமல் மீள்கிறது. பின்னதில் ஒன்றுக்கு இரண்டாகத் துணி செலவாகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். வேறுபாட்டை அறிய, தூஸ் நகரத்து ஷைகின் விடையே நமக்குப் போதுமானது: இந்த ஒட்டின் கீழே கிழிசல் இருந்ததா?