மூளைக் கடன்

ஊரில் யார் யாருக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்பதைக் கடைக்காரரின் பேரேட்டைப் புரட்டினால் தெரிந்து கொள்ளலாம். ஒரு தேசம் இன்னொரு தேசத்தின் மூளைக்குப் பட்ட கடனை எந்தப் பேரேட்டில் பார்ப்பது?

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், நூற்பு இயந்திரத்தின் ரகசியத்தை இங்கிலாந்து பூட்டி வைத்திருந்தது. இயந்திரமும் வெளியே போகக் கூடாது. அதன் நுட்பம் அறிந்த தொழிலாளியும் கப்பலேறக் கூடாது. சட்டம் அப்படி. 1789-இல் சாமுவேல் ஸ்லேட்டர் என்ற 21 வயது வாலிபர் அமெரிக்காவுக்குக் கப்பலேறிவிட்டார். அவரிடம் வரைபடம் ஏதும் இல்லை, எல்லாம் மனப்பாடம். 1790-இல் பாட்டக்கெட் என்ற சிற்றூரில் கதிர்கள் சுழன்றன. மூளையைச் சோதிக்கச் சுங்கச் சாவடி ஏது?

1843-இல் இயந்திர ஏற்றுமதித் தடை நீங்கியது. ஜப்பான் பகிரங்கமாகவே விலை கொடுத்து வாங்கிற்று. 1883-இல் ஒஸாகா நூற்பாலையில் ஓடியவை ஓல்ட்ஹாம் நகரத்துப் பிளாட் கம்பெனியின் இயந்திரங்கள். அந்நாட்டில் ஒரு தச்சரின் மகனான ஸாகிச்சி டொயோடா, 1890-இல் மரக் கைத்தறி ஒன்றைச் சீர்திருத்தினார். 1924-இல் அவருடைய தானியங்கித் தறி முழுமை பெற்றது. நாடாவில் ஊடை நூல் தீர்ந்தால், தறி ஓடிக்கொண்டே புது நாடாவை ஏற்றிக்கொள்ளும். பாவில் ஓர் இழை அறுந்தாலோ தானே நின்றுவிடும். 1929-இல் அந்தத் தறியைச் செய்யும் உரிமைக்கு 1,00,000 பவுன் தர ஒப்பந்தம் செய்துகொண்டவர்கள் யார் தெரியுமா? அதே பிளாட் கம்பெனியார்தான்! குருவே சிஷ்யனுக்குத் தட்சிணை வைத்தார்.

இந்தக் கடனை அளக்க இன்று அறிஞர்கள் ஒரு கோல் வைத்திருக்கிறார்கள். புதிய கண்டுபிடிப்புக்கு உரிமை கோரும் பத்திரத்தில், பழைய பத்திரங்கள் எவையெவை குறிப்பிடப்படுகின்றன என்று எண்ணுகிறார்கள். ஜாஃப், டிராக்டன்பெர்க், ஹெண்டர்சன் ஆகிய மூவரும் 1993-இல் அமெரிக்கப் பத்திரங்களை இவ்விதம் ஆராய்ந்து, அறிவு முதலில் அண்டை அயலிலேயே அதிகம் பரவுகிறது என்று காட்டினார்கள்.

நல்ல கோல்தான். ஆனால் அது எழுத்தில் இருப்பதை மட்டுமே எண்ணும். டொயோடாவின் 1,00,000 பவுன் கணக்கில் ஏறும். ஸ்லேட்டரின் ஞாபகசக்தி ஏறாது. பழுதான அந்நிய இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டிக் கற்ற மெக்கானிக்கின் பெயரும் ஏறாது. ஆகவே எந்தத் தேசமாவது, "நாங்கள் யாருக்கும் கடன்படவில்லை" என்று கணக்கைக் காட்டினால், எழுதாமல் விட்ட பக்கங்கள் எத்தனை என்று கேட்பதே நியாயம்.