பால் எனும் பெயர்

காப்பியில் சேர்க்க உகந்தது மாட்டுப்பாலா, அல்லது வாதுமை, சோயா, ஓட்ஸ் ஆகியவற்றின் பாலா? பெருநகரக் காப்பிக்கடைகளில் இன்று எழும் இவ்விவாதம் நம் முத்துக்குளித்துறையினருக்கு வியப்பளிக்கலாம். காப்பிக்கு மாட்டுப்பால், சொதிக்குத் தேங்காய்ப்பால் என இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்துப் பழகியவர்கள் நாம். பாலுக்கு வழியற்ற இல்லங்களில் கருப்பட்டிக் காப்பியே போதுமானதாயிருந்தது.

சட்டமோ பெயரைப் பற்றிக் கவலை கொண்டது. தாவரப் பானங்களைப் 'பால்' என்று விற்கலாகாது என 2017இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் அவ்வாறே பணித்தது. தேங்காய்ப்பால் போன்ற பழம்பெயர்களுக்கு விலக்குண்டு.

ஆயினும் வரலாறு வேறொரு பாடத்தைப் புகட்டுகிறது. இடைக்கால ஐரோப்பாவில் தவக்காலச் சுத்தபோசனம் இறைச்சியோடு பாலையும் வெண்ணெயையும் விலக்கியது. அப்போது பாலின் இடத்தைப் பிடித்தது வாதுமைப்பால். ஏறத்தாழ 1390இல் இங்கிலாந்து மன்னன் இரண்டாம் ரிச்சர்டின் சமையற்காரர்கள் தொகுத்த நூலில் வாதுமைப்பாலிட்ட பதார்த்தங்கள் பல உள்ளன. வாதுமையோ தெற்கிலிருந்து கப்பலேறி வந்த விலையுயர்ந்த சரக்கு. எனவே செல்வர் வீட்டில் ஒருத்தல் விருந்தாயிற்று. ஏழை வீட்டில் அது வெறும் இழப்பாகவே நின்றது.

இன்றும் நம் நாட்டுக் கடைகளில் தாவரப்பாலுக்குப் பெரும்பாலும் கூடுதல் விலை. பால் செரிக்காத உடலினர் அதைச் செலுத்த வேண்டியுள்ளது. மறுபுறம், ஓரிரு மாடுகளை நம்பி வாழும் எளிய குடும்பங்களையும் நாம் மறத்தல் ஆகாது. எதைப் பருகுகிறோம் என்பதினும், அதன் சுமையை யார் தாங்குகிறார் என்பதே நாம் சிந்திக்கத் தக்கது.