திருமலைராயன்பட்டினம்: சிக்கனச் சமையலும் வீட்டுக் கழிவும்

புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்கால் மாவட்டத்தில், காரைக்காலுக்கும் நாகூருக்கும் இடையே கடற்கரைச் சாலையில் அமைந்த ஊர் திருமலைராயன்பட்டினம். மாவட்டத்தின் ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளுள் ஒன்று. பேச்சில் டி.ஆர்.பட்டினம். காளமேகப் புலவர் வசை பாடியதால் இங்கே மண்மாரி பெய்தது என்ற கதை மூலம் தமிழ் படித்தவர்களுக்குப் பழக்கமான பெயர். மேற்கே நெல் வயல், கிழக்கே பட்டினச்சேரி மீனவர் குடியிருப்பு, தெற்கே தமிழ்நாட்டு எல்லையிலுள்ள வாஞ்சூர், அதைத் தாண்டினால் தர்கா இருக்கும் நாகூர். வயல், கடல், தர்கா ஆகிய மூன்றின் சமையலும் கலந்த அடுப்படி இவ்வூருடையது. இருப்பதை வைத்துச் சமைப்பதும், மிஞ்சியதை வீணாக்காமல் இன்னொன்றாக்குவதும், கழித்ததை மண்ணுக்கோ மாட்டுக்கோ சேர்ப்பதும் இந்த அடுப்படியில் எப்படி நடந்தன, இன்று என்னவாயின என்பதே இக்கட்டுரையின் பொருள். சொல்லப்படும் வழக்கங்கள் பலவும் காவிரிக் கடைமடைக் கரையோரம் முழுவதற்கும் பொது.

சிக்கனத்தின் காரணங்கள்

கடைமடை என்பதே முதல் காரணம். காவிரி நீரில் காரைக்காலுக்கு 7 டி.எம்.சி. என நடுவர் மன்றம் 2007-இல் ஒதுக்கியதை 2018-இல் உச்ச நீதிமன்றமும் மாற்றவில்லை. ஆனால் மேட்டூரில் திறந்த நீர் இங்கு வந்து சேர்வது எல்லாரும் எடுத்தது போக மிச்சம் இருந்தால்தான். கடலும் ஆண்டு முழுவதும் கொடுப்பதில்லை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. ஐப்பசி, கார்த்திகையில் புயல் சின்னம் என்றால் கட்டுமரமும் இறங்காது. 1977 நவம்பரில் நாகப்பட்டினத்தைத் தாக்கிய புயலும் 2018 நவம்பரின் கஜாவும் இப்பக்கத்து வீடுகளுக்கு ஒன்றை நன்றாகவே கற்பித்திருக்கின்றன: மின்சாரம் போனால் குளிர்பெட்டி வெறும் அலமாரி; பரணில் இருக்கும் கருவாடும் வடகமும்தான் கைகொடுக்கும்.

நிர்வாக எல்லையும் உலைக்கு அரிசி வந்த வழியை மாற்றியது. வாஞ்சூருக்கு அந்தப் பக்கம் நியாயவிலைக் கடையில் விலையில்லா அரிசி கிடைத்துவந்த காலத்தில், புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் 2015 முதல் அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போட்டார்கள். பூட்டிக் கிடந்த கடைகள் 2024 தீபாவளியையொட்டியே மீண்டும் திறந்தன. இடைப்பட்ட ஆண்டுகளில் உலைக்குப் போனது பெரும்பாலும் காசு கொடுத்து வாங்கிய அரிசிதான்.

அரிசி: களைவது முதல் வடகம் வரை

அரிசி களைந்த முதல் தண்ணீர் தூசும் தவிடுமாக இருக்கும். அது கொல்லையிலுள்ள கழுநீர்த் தொட்டிக்குப் போய் மாட்டுக்குத் தீனியாகும். இரண்டாவது தண்ணீர் வெண்மையாகவும் கொஞ்சம் கெட்டியாகவும் இருக்கும். அதைக் கொட்ட மாட்டார்கள். கல்லுப்பு போட்டு மண்சட்டியில் உரசிய மீனைக் கடைசியாக அதில் அலசினால் கவிச்சி அடங்கும். புளியை ஊறவைத்தால் குழம்புக்குக் கொஞ்சம் உடம்பு கிடைக்கும். செட்டிநாட்டில் இதே நீரில் காய்களை வேகவைத்து மண்டி என்றே ஒரு பதார்த்தம் செய்கிறார்கள். சோறு வடித்த கஞ்சியில் ஒரு பங்கை உப்புப் போட்டுக் குடித்துவிட்டு, மீதியைப் பருத்திச் சேலைக்கும் வேட்டிக்கும் போடுவார்கள். குக்கர் வந்த வீட்டில் கஞ்சி என்ற பொருளே இல்லாமல் போயிற்று. மாடில்லாத வீட்டில் களைந்த நீர் நேரே சாக்கடைக்குப் போகிறது.

இரவு மிஞ்சிய சோற்றில் அது மூழ்கும்படி தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் பழைய சோறு. லேசாகப் புளித்த அந்த நீராகாரத்தோடு சின்ன வெங்காயம், மோர்மிளகாய், சுட்ட கருவாடு. எல்லாவற்றுக்கும் மேலாக முதல்நாள் மீன் குழம்பு. புளிப்பைத் தருபவை லாக்டிக் அமில நுண்ணுயிர்கள். அவை பெருகப் பெருக நீரின் அமிலத்தன்மை கூடி, கெடுக்கும் கிருமிகளுக்கு இடமில்லாமல் போகிறது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் பழைய சோற்றின் குடல்நலப் பயன் குறித்து ஆய்வு தொடங்கிய பிறகு இதற்கு நகரத்தில் தனி மரியாதை வந்திருக்கிறது; ஊரில் அது எப்போதும் காலைச் சாப்பாடுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். அரிசியில் இருக்கும் பேசிலஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் உலைக்கொதியிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகவே பல மணி நேரம் கிடந்தால் அவை முளைத்து நஞ்சைச் சுரக்கும். மறுபடி சுடவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. அதனால் சோறு ஆறியதும் காலம் தாழ்த்தாமல் தண்ணீர் ஊற்றிவிடுவது நல்லது. சூடு காக்கும் பாத்திரத்தில் நள்ளிரவு வரை மூடி வைத்திருந்துவிட்டு அப்புறம் தண்ணீர் ஊற்றுவது பழைய சோறாகாது, வயிற்றுக்கு வம்பு.

அதற்கும் மிஞ்சினால் வடகம். சித்திரை வெயிலில் பழைய சோற்றைப் பிழிந்து, பச்சைமிளகாய், உப்பு, சீரகம் சேர்த்து அரைத்து, நனைத்துப் பிழிந்த வேட்டித் துணியில் கிள்ளி வைப்பார்கள். மாலையில் துணியின் மறுபுறம் தண்ணீர் தெளித்து உரித்தெடுத்து, மறுநாளும் காயவைத்து டப்பாவில் அடைத்தால் அடைமழை வரை வரும். காக்கையை விரட்ட ஒரு பிள்ளையை உட்கார வைப்பதும், பாதி காய்ந்த வடகத்தில் கால்வாசி அந்தப் பிள்ளை வயிற்றுக்குள் போவதும் இந்தத் தொழில்நுட்பத்தில் சேர்ந்ததே.

மீன்

கடலோர வீட்டில் மீன் குழம்பு ஒருவேளைக்கு வைப்பதல்ல. தாளிப்பு வடகம் பொரிந்த எண்ணெயில் புளியும் மிளகாய்த்தூளும் கூட்டி மண்சட்டியில் வைக்கும் குழம்பை, இரவு ஒரு கொதி, காலையில் ஒரு கொதி விட்டு இறக்கினால் மறுநாளும் நிற்கும்; சுண்டச்சுண்ட ருசியும் கூடும். புளியின் அமிலமும் உப்பும் காரமும் அதற்குக் காவல். ஈரக் கரண்டி படக் கூடாது. தேங்காய் அரைத்துவிட்ட குழம்புக்கும் தேங்காய்ப்பால் ஊற்றிய ஆணம் என்னும் முஸ்லிம் வீட்டுக் குழம்புக்கும் இந்தக் கணக்கு செல்லாது. அவை அன்றைக்கே தீரவேண்டும். ஆகவே தேங்காயைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது ருசியைப் பற்றிய முடிவு மட்டுமல்ல, நாளைக்கு என்ன சாப்பிடுவது என்பதைப் பற்றிய முடிவும்கூட.

மீன் மலிந்து விற்காமல் தங்கினால் கருவாடு. மூன்று, நான்கு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு என்பது பொதுவான அளவு. நெத்திலி, காரப்பொடி போன்ற பொடிமீன்களை உப்பில்லாமலும் காயவைப்பார்கள். தடைக்காலத்தில் கருவாட்டோடு கத்தரிக்காய், முருங்கைக்காய், பலாக்கொட்டை, மாங்காய்க் காலத்தில் கொட்டையோடு பிளந்து உப்பிட்டுக் காயவைத்த வற்றல் என எது கைக்கு அகப்படுகிறதோ அது சட்டிக்குள் போகும். ஆனி மாதம் காரைக்கால் அம்மையார் மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து பழத்தை வாரி இறைக்கும் அதே மாவட்டத்தில், மாங்கொட்டையைக்கூட எறிய மனமில்லாத சமையலும் இருக்கிறது. இரண்டையும் செய்கிறவர்கள் ஒரே வீட்டுக்காரர்கள்தான்.

தலை குழம்புக்கு, சினை வறுவலுக்கு, சுறா புட்டுக்கு. செதிலும் குடலும் செவுளும் தென்னை அடியிலோ முருங்கை அடியிலோ குழி தோண்டிப் புதைக்கப்படும். ஆழம் போதாவிட்டால் இரவில் நாய் தோண்டிப் போட்டுவிடும். மீனில் சிக்கனம் பார்க்கக் கூடாத ஒரு இடமும் உண்டு. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி ஆகியவற்றைப் பனிக்கட்டி இல்லாமல் வெயிலில் போட்டுவைத்தால் சதையில் ஹிஸ்டமின் உண்டாகும். அது எந்தக் கொதியிலும் அழியாது. தின்ற கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பில் தடிப்பும் தலைவலியும் வரும். சாயங்காலம் விலை இறங்கிய மீனை வாங்குகிறவர்கள் இந்த மூன்றில் மட்டும் சற்று யோசிப்பது நல்லது.

தோலும் தண்டும்

பீர்க்கங்காய்த் தோலும் வாழைக்காய்த் தோலும் துவையலாகும். வாழையில் பூ, காய், தண்டு, இலை எதுவும் கழிவல்ல. சாப்பிட்டு மடக்கிய இலைகூட ஆட்டுக்கு. மாவு புளித்தால் பணியாரம், மிஞ்சிய இட்லி உப்புமா. புளிச்சக்கை பித்தளைப் பாத்திரத்துக்கு. இவை தமிழ்நாடெங்கும் தெரிந்தவை என்பதால் விரிக்கத் தேவையில்லை.

விருந்திலும் பகிர்விலும்

காரைக்கால், நாகூர் முஸ்லிம் வீட்டு விருந்தில் சஹன் முறை உண்டு. ஒரு பெரிய தட்டைச் சுற்றி மூன்று, நான்கு பேர் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒவ்வொரு இலையிலும் கொஞ்சம் கொஞ்சமாக மிச்சம் விழுவதைவிட ஒரு தட்டில் விழும் மிச்சம் குறைவு என்பது கண்ணால் பார்த்தாலே தெரியும். நெய்ச்சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் தாளிச்சா, எலும்பையும் பருப்பையும் கத்தரிக்காய், மாங்காயையும் சேர்த்து, கறி தீர்ந்த இடத்திலும் கறியின் ருசியைக் கொண்டுவரும் ஏற்பாடு. ரமலானில் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியும் அப்படித்தான்: கொஞ்சம் கறியும் நொய்யரிசியும் தெரு முழுவதற்கும் போதும். இந்து வீடுகளில் பொங்கலன்று பல காய் போட்டு வைத்த குழம்பை மறுநாளும் சுண்டக் காய்ச்சுவது பழக்கம். மாட்டுப் பொங்கலன்று கனுப்பிடியாக மஞ்சள் சோறும் பழைய சோறும் காக்கைக்குப் போகும். மாசி மகத்தில் திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்கு இவ்வூர்க் கடற்கரைக்கு எழுந்தருளுகிறார். அவரை மாப்பிள்ளையாகவே கொண்டாடுகிறார்கள் மீனவர்கள். கூட்டம் கூடும் இப்படிப்பட்ட நாள்களில் அன்னதானச் சோற்றைவிட, அது பரிமாறப்பட்ட தட்டும் தம்ளரும்தான் இப்போது பெரிய குப்பை.

சங்கிலி அறுந்தபின்

மேலே சொன்ன எதிலும் கழிவைக் குறைக்க வேண்டும் என்ற கொள்கை இல்லை. ஒருவர் கழித்ததை வாங்கிக்கொள்ள இன்னொரு வாய் இருந்தது, அவ்வளவே. கழுநீருக்கு மாடு, இலைக்கு ஆடு, குடலுக்குத் தென்னை, விறகுச் சாம்பலுக்குப் பாத்திரம், மீதமெல்லாம் சேர்ந்த எருக்குழிக்குக் கோடையில் வயல். ஓட்டை உடைசலுக்குப் பேரீச்சம்பழம் தரும் வியாபாரி தெருவிலேயே வருவார். எரிவாயு அடுப்பு சாம்பலை நிறுத்தியது, கொல்லை மனையாயிற்று, மாடு போயிற்று. அதே வாழைக்காய்த் தோலும் மீன் செவுளும் ஒரே நாளில் குப்பை என்று பெயர் பெற்றன. சமைக்கிறவர்களின் அக்கறை குறைந்துவிட்டது என்று பேசுவது எளிது. வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் போனது என்பதே சரி.

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி, 2022-இல் உலகில் வீணான உணவு ஏறத்தாழ 105 கோடி டன். அதில் 60 விழுக்காடு வீடுகளில். இந்திய வீடுகளுக்கு அது போடும் மதிப்பீடு ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ, அதாவது நாளுக்கு 150 கிராம். இந்தக் கணக்கில் தோல், எலும்பு போன்ற தின்ன முடியாதவையும் அடக்கம் என்பதைக் கவனிக்க வேண்டும். தாளிச்சாவுக்கும் துவையலுக்கும் தென்னைக்கும் போனவற்றை இந்த ஊர் எப்படி எண்ணியிருக்கும் என்பது வேறு.

2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டிலேயே மக்கும் குப்பை, மக்காத குப்பை, அபாயகரமான வீட்டுக் குப்பை என மூன்றாகப் பிரிக்கச் சொல்லின. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் 2019-இல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குகளுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் தமிழ்நாடு மீண்டும் மஞ்சப்பை இயக்கத்தைத் தொடங்கியது. எல்லை ஊரான வாஞ்சூரில் மதுக்கடைகள் மிகுதி, வாடிக்கையாளர்களில் பலர் அந்தப் பக்கத்தவர். சாலையோரப் பாட்டில்களை யார் வீட்டுக் கணக்கில் எழுதுவது என்று எந்த விதியிலும் இல்லை.

உழைப்பு

சிக்கனச் சமையலைப் பாராட்டி எழுதுகிறவர்கள் விட்டுவிடும் ஒன்று உண்டு. வடகம் இடுவதும், கருவாடு அலசுவதும், இரண்டு வேளை குழம்பைக் கொதிக்க வைப்பதும் பெண்களின் வேலை; எல்லாரும் சாப்பிட்டு எழுந்தபின் மிஞ்சியதை "வீணாப் போகுதே" என்று வாயில் போட்டுக்கொள்வதும் அவர்களே. பழைய வீட்டில் எதுவும் மிஞ்சவில்லை என்றால், அதில் ஒரு பகுதி மருமகளின் தட்டில் முடிந்திருக்கிறது. குளிர்பெட்டி வந்ததில் குப்பை கூடியிருக்கலாம். அடுப்படியில் நின்ற நேரம் குறைந்திருக்கிறது. அந்தப் பழைய ஒழுங்கை அப்படியே திரும்பக் கேட்பவர், அதை இப்போது யார் செய்வது என்பதற்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.

இன்றைய வழிகள்

இக்கரையோரத்தில் நிலத்தடி நீர்மட்டம் மேலே. குப்பைக்குழி ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கி நாறும். ஆகவே தரைக்கு மேல், அடியில் ஓட்டையிட்ட மண்தொட்டியோ வாளியோ பொருத்தம். காய்கறிக் கழிவு ஒரு கை போட்டால் காய்ந்த சருகோ தேங்காய் நார்த்தூளோ இரண்டு கை போட்டு மூட வேண்டும். ஈரம் மிஞ்சினால் புழு, நார் மிஞ்சினால் மக்காது. இரண்டு, மூன்று மாதத்தில் கிடைக்கும் எரு, தண்ணீரைப் பிடித்துவைக்காத இவ்வூர் மணலுக்கு மிகவும் வேண்டியது.

மீன் கழிவை இதில் போடக் கூடாது. இயற்கை விவசாயிகள் சொல்லும் மீன் அமிலம் அதற்கு வழி: கழிவின் எடைக்குச் சமமாக நாட்டுச்சர்க்கரை அல்லது வெல்லம் சேர்த்து, பிளாஸ்டிக் டப்பாவில் நிழலில் மூன்று வாரத்துக்குக் குறையாமல் வைத்தால், தேன்நிறத்தில் கரைசல் இறங்கும், பழவாசனை வந்தால் சரியான பதம். லிட்டர் தண்ணீருக்குச் சில மில்லி கலந்து செடிக்குத் தெளிக்கிறார்கள். சர்க்கரை குறைந்தால் அழுகல் நாற்றம் அடுத்த வீடு வரை போகும். டப்பாவை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. வாயு வெளியேற மூடியை அவ்வப்போது தளர்த்திவிட வேண்டும்.