இரண்டாவது பேரேடு

கனடாவில் கடைக்காரர் மத்திய சர்க்காருக்கு ஒரு விற்பனை வரி, மாகாணத்துக்கு இன்னொன்று என்று இரண்டு பேரேடு எழுதிக்கொண்டிருந்தார். அட்லாண்டிக் கரை மாகாணங்கள் மூன்று 1997-இல் இரண்டையும் ஒன்றாக்கின. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2010 ஜூலையில் 12 சதவீதமாக அது வந்தது. கடைக்காரருக்கு லாபந்தான், சரக்குக்குக் கொடுத்த வரி முழுவதையும் கழித்து மிச்சத்தைக் கட்டினால் போதும். நான்கு காலாண்டுகளில் 30,000 டாலர் தாண்டாத சிறு வியாபாரி வசூலிக்கவே வேண்டாம், கழிவும் கிடையாது.

சலூன்காரர்பாடுதான் தலைவேதனை! அதுவரை முடிவெட்டுக்கு மத்திய வரி 5 சதவீதம் மட்டும். கத்தரிக்கோலுக்குக் கட்டிய மாகாண வரி அவருக்குத் திரும்பி வந்தால் வாடிக்கைக்காரருக்கு என்ன? ஓட்டல் சாப்பாட்டுக்கும் அதே கதி. 2009 மே மாதம் தேர்தலில் ஜெயித்துவிட்டு ஜூலையில் அறிவித்தார்களே, அதையும் ஜனங்கள் மறக்கவில்லை. 2011 வாக்கெடுப்பில் நூற்றுக்கு 55 பேர் வேண்டாமென்றார்கள். 2013 ஏப்ரலில் முடிவெட்டு வரி 5-க்கு இறங்கியது. கடைக்காரர் இரண்டாவது பேரேட்டைத் தூசி தட்டி எடுத்தார்.