பிள்ளையின் கல்லீரலில் கட்டி: எல்லாம் புற்றுநோய் அல்ல

பிள்ளையின் கல்லீரலில் கட்டி தெரிகிறது என்று ஸ்கேன் அறிக்கையில் எழுதியிருந்தால் எந்தப் பெற்றோரும் கலங்கிப் போவார்கள். ஆனால் அலஜீல் நோய் எனும் மரபணுக் கோளாறுடன் பிறந்த பிள்ளைகளிடம் காணப்படும் பெரிய கட்டி, பெரும்பாலும் புற்றுநோயாக இருப்பதில்லை. கல்லீரலின் நல்ல பகுதி பெருத்து வளர்ந்து, படத்தில் கட்டிபோல் தெரிகிறது.

பிரெஞ்சு குழந்தை மருத்துவர் டேனியல் அலஜீலின் பெயரால் அழைக்கப்படும் இந்நோய், ஏறத்தாழ 30,000 முதல் 50,000 குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. பெரும்பாலோருக்குக் காரணம் ஜாக்1 மரபணுவில் உள்ள பிழை. இத்தொடர்பு 1997இல் கண்டறியப்பட்டது. பெற்றோரில் ஒருவருக்கு இப்பிழை இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு. எனினும் பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் அது புதிதாகவே தோன்றுகிறது. அப்பா வழியா, அம்மா வழியா என்று வீட்டில் பழி பேசுவது வீண்.

இவர்களின் கல்லீரலுக்குள் பித்தநாளங்கள் குறைவு. பித்தம் வடியாமல் தேங்குவதால் பிறந்த சில வாரங்களிலேயே மஞ்சள் காமாலை நீடிக்கும், மலம் வெளுக்கும். பின்னர் தூங்கவிடாத அரிப்பு வரும். இதயத்திலிருந்து நுரையீரலுக்குச் செல்லும் இரத்தக் குழாய் குறுகியிருப்பதும் உண்டு.

பித்தநாளங்கள் எல்லா இடத்திலும் ஒரே அளவில் குறைவதில்லை. கல்லீரலின் நடுவே, குடலிலிருந்து இரத்தம் கொண்டுவரும் பெரிய சிரையை ஒட்டிய பகுதியில் அவை ஓரளவு தப்பியிருக்கலாம். ஓரப்பகுதிகள் சுருங்கச் சுருங்க, இந்தப் பகுதி வளர்ந்து ஈடுகட்டுகிறது.

முதலில் செய்வது அல்ட்ராசவுண்ட். வலியில்லை, கதிர்வீச்சும் இல்லை. இரத்தக் குழாய்கள் நசுங்காமல், விலகாமல் கட்டியின் ஊடே இயல்பாகச் சென்றால் அது நல்ல அறிகுறி. அடுத்தது எம்ஆர்ஐ. கல்லீரல் செல்கள் உறிஞ்சிக்கொள்ளும் ஒருவகை மருந்தை ஊசி வழி செலுத்திப் படமெடுப்பார்கள். கட்டி அதைச் சுற்றியுள்ள பகுதிபோலவோ அதைவிடக் கூடுதலாகவோ உறிஞ்சினால், உள்ளே இருப்பவை வேலை செய்யும் செல்கள் என்று கருதலாம். காமாலை மிக அதிகமாக இருந்தால் இந்த மருந்து சரியாக ஏறாது, படமும் தெளிவாக வராது. அலஜீல் நோய் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடும் என்பதால் முன்கூட்டியே அதையும் பரிசோதிப்பார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு மயக்க மருந்து தேவைப்படலாம். இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு அதில் கூடுதல் கவனம் வேண்டும்.

கல்லீரல் புற்றுநோயில் கூடக்கூடிய ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் எனும் புரதத்தின் அளவை இரத்தத்தில் பார்ப்பார்கள். பச்சிளங் குழந்தைகளுக்கு அது இயல்பாகவே அதிகம் என்பதால், வயதை வைத்தே கணக்கிட வேண்டும்.

ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்று கேட்கலாம். இப்பிள்ளைகளுக்கு இரத்தக்கசிவு ஆபத்து அதிகம். பித்தம் குடலுக்குப் போதிய அளவு வராததால், இரத்தம் உறையத் தேவையான வைட்டமின் கே உடலில் சேர்வதும் குறைகிறது. படங்களும் இரத்தப் பரிசோதனையும் ஒன்றோடொன்று பொருந்தாதபோதே அந்த முடிவுக்குப் போவது நல்லது.

இதே போன்ற கட்டி வேறு மரபணு நோயில் வேறு பொருள் தரும். டைரோசினீமியா முதல் வகையில் புற்றுநோய் அபாயம் அதிகம். அங்கே சிறு கட்டியும் சந்தேகத்துக்குரியது. கிளைக்கோஜன் சேமிப்பு நோய் முதல் வகையில் பதின்ம வயதுக்குப் பின் வரும் கட்டிகள் பெரும்பாலும் தீங்கற்றவை. ஆனாலும் அவை உள்ளே இரத்தம் கசியலாம், அரிதாகப் புற்றாகவும் மாறலாம். ஆகவே ஸ்கேன் எடுப்பவரிடம் பிள்ளையின் நோய்ப் பெயரைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

அலஜீல் பிள்ளைகளிடமும் புற்றுநோய் அரிதாகக் காணப்பட்டுள்ளது, சிறு வயதிலும்கூட. அதனால் 'தீங்கற்றது' என்று சொல்லிவிட்டாலும் மருத்துவர் குறித்த தேதியில் மறுபடி ஸ்கேனுக்குப் போக வேண்டும். கட்டி வளர்ந்திருக்கிறதா என்பதைப் பழைய படத்தோடு ஒப்பிட்டே சொல்ல முடியும். மருத்துவமனை மாறுவோர் அறிக்கைத் தாளோடு படங்கள் பதிந்த சிடியையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம்.