ஒற்றியும் ஈடும்

முல்லைத்தீவுக் கடற்கரையிலே, செம்மலைக்குத் தெற்கே, களப்பும் கடலும் கூடுமிடம் நாயாறு. மீன்பிடியும் பயிர்ச்செய்கையுமே அவ்வட்டாரத்தார்க்குச் சீவனம். முதலின்றித் தொழிலில்லை, வறியோர்க்குக் கடனின்றி முதலில்லை. ஆகவே, கடனுக்கு ஈடாக வைத்த நிலமும் மனையும் கைவிட்டுப் போகாவண்ணம் காக்கும் நெறி யாது என்பது பழைய வினாவாகும். அந்நெறி காலந்தோறும் மாறிய வரலாற்றை ஈண்டுச் சுருங்க நோக்குவாம்.

வட இலங்கைத் தமிழரின் வழக்கங்களை, யாழ்ப்பாணத்துத் திசாவையாயிருந்த கிளாசு ஐசாக்சு 1707 இல் ஒல்லாந்த மொழியில் தொகுத்தார். அது தமிழாக்கப்பட்டு 12 முதலியார்களால் ஆராய்ந்து ஒப்பப்பட்டது. 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரமாணத்தால் ஆங்கிலேயரும் அதனை ஏற்றனர். அத்தேசவழமை கூறும் ஒற்றியாவது: கடன் கொடுத்தோன் வட்டிக்குப் பதிலாக நிலத்தின் பயனை நுகர்வான்; முதல் திரும்பியதும் நிலமும் திரும்பும். மீட்குங் காலமும் பயிரின் பருவம் நோக்கியே வகுக்கப்பட்டது. பயன் ஒருவனுக்கும் உரிமை மற்றொருவனுக்குமாக நின்றமையால், கடன்பட்டோன் நிலத்தை விட்டிருந்தானேயன்றி இழந்தானல்லன்.

1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், நிலம் பற்றிய உடன்படிக்கைகள் நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளோடு எழுதப்படல் வேண்டுமென விதித்தது. அன்றுதொட்டு எழுத்தறியாக் குடியானவன் எழுத்தறிந்தோனைச் சார்ந்து நிற்கலானான். நொத்தாரிசும், பிறக்கிராசியும், அப்புக்காத்தும் அவன் வாழ்விற் புகுந்தனர். 1973 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கச் சட்டம் பின்னிரு வகுப்பாரையும் சட்டத்தரணி என்னும் ஒரே பெயரின்கீழ் ஆக்கிற்று.

1949 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க ஈட்டுச் சட்டப்படி, கடன் கொடுத்தோன் வழக்குத் தொடுத்துத் தீர்ப்பாணை பெற்றே ஈட்டு நிலத்தை ஏலமிடுவித்தல் வேண்டும். கடனாளிக்கு மன்றிற் பேச இடமுண்டு. 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டமோ, பணிப்பாளர் சபையின் தீர்மானத்தைக்கொண்டே, வழக்கின்றி ஏலமிடும் அதிகாரத்தை வங்கிகளுக்கு அளித்தது. பராட்டே என மக்கள் வழங்குவது இதனையே. 2011 இல் வந்த திருத்தம் 50 இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த கடன்களை இதனின்றும் விலக்கியது. 2024 இல் இவ்வதிகாரம் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டது.

வன்னிக்குச் சிறப்பாயதொரு காப்பும் உண்டு. 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் பெற்ற நிலத்தை, கடன் தீர்ப்பின் பொருட்டுக் கைப்பற்றுதல் பொதுவாக ஆகாது. தன் காணி உறுதிக்காணியோ அனுமதிப்பத்திரக் காணியோ என அறியாதான், உள்ள காப்பையும் இழப்பான்.

1984 இன் இறுதியில் நாயாற்றுச் சுற்றூர்களின் மக்கள் இடம்பெயர்ந்தனர். 2009 வரை போர் நீடித்தது. பலர் உறுதிகளை இழந்தனர். எனினும், நொத்தாரிசு ஒவ்வோர் உறுதியின் இரண்டாம் பிரதியையும் காணிப் பதிவகத்துக்கு அனுப்புதல் கடனாதலின், ஆண்டுத் தேடுதல் வீணன்று. பொருளில்லார்க்கு, 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு உண்டு.

இவ்வரலாற்றால் அறியத்தக்கது ஒன்று. ஒற்றிக் காலத்தில் ஊர்வழக்கமே குடியானவனுக்குக் காவலாயிருந்தது. உறுதிக் காலத்தில் அக்காவல் சட்டமறிந்தோனிடம் சென்றது. ஆதலின், ஏல அறிவித்தல் வந்தபின் சட்டத்தரணியைத் தேடுதலினும், ஈட்டுறுதியிற் கையொப்பமிடுமுன் தேடுதலே தக்கது. கற்ற இளைஞர், தம் ஊரவர்க்கு அவ்வுறுதியை ஒருமுறை வாசித்துப் பொருளுரைப்பாராயின், அதுவே ஒரு மனையைக் காத்த பணியாகும்.